புளிக் களத்தில் விழுந்த ஆலங்கட்டி

புளித் தொழிலுக்கு வந்தவளுக்குக் கழுத்து வலி நிச்சயம். பாதி நேரம் குனிந்து புளியைப் பார்க்க வேண்டும், மீதி நேரம் நிமிர்ந்து வானத்தைப் பார்க்க வேண்டும். வடகம் பிழிந்து வைத்துவிட்டு மேகத்தைத் திட்டியிருக்கும் உங்களுக்கு என் பாடு புரியும்.

நல்ல வெயில்

இந்தச் சித்திரையில் எங்கள் கடத்தூரில் வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கோ சந்தோஷம். கொட்டை எடுத்த புளியில் பாதியைத்தான் களத்தில் பரப்புவோம். மீதி கொட்டகையில் இருக்கும். அதுதான் வழக்கம். அன்று தரை சுட்ட சூட்டை நம்பி, வருஷம் முழுக்க எங்களுக்குச் சோறு போட வேண்டிய அத்தனை புளியையும் பரப்பச் சொன்னேன். கொட்டை எடுக்க வரும் மாதம்மாள் கூடையைக் கீழே வைக்கவில்லை.

"எதுக்குக்கா இவ்ளோ அவசரம்? காத்தே இல்லாம புழுங்குதுங்க. பாதியாச்சும் உள்ள கெடக்கட்டும்."

வெள்ளைக் களம்

அவள் பேச்சைக் கேட்காமல் அத்தனையையும் பரப்ப வைத்தேன். மூன்று மணிக்கு மேற்கே கருத்தது. நாங்கள் இருவரும் தார்ப்பாயை இழுப்பதற்குள் கல் விழத் தொடங்கியது. முதலில் புளியங்கொட்டை அளவு, அப்புறம் எலுமிச்சங்காய் அளவு. தார்ப்பாய் கிழிந்தது. அரை மணியில் களம் முழுக்க வெள்ளை. முறத்தால் வாரி வாரிக் கொட்டினேன். வாரியதைவிட உருகிப் புளிக்குள் இறங்கியதுதான் அதிகம். ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வந்து போட்டோ எடுத்தார்கள். ஒருத்தர் அழுதுகொண்டிருந்த என்னிடமே போனை நீட்டினார்.

"அக்கா, பின்னாடி வெள்ளையா தெரியற மாதிரி ஒண்ணு எடுங்க, காஷ்மீருன்னு ஸ்டேட்டஸ் போடணும்."

காரணம்

மறுநாள் புளி கருத்து நசநசத்துக் கிடந்தது. வருஷா வருஷம் வீட்டுக்குப் புளி வாங்கும் டீச்சர் வந்தார். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். யார் சாபமோ என்று புலம்பினேன். சாபமில்லை என்றார். தரை கொதித்தால் சூட்டுக்காற்று ஈரத்தையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறுமாம். அங்கே உறைகிற குளிர். கல்லான துளி விழப் பார்க்கும்போதெல்லாம் கீழிருந்து வரும் காற்று மறுபடி தூக்கிவிட, மேலும் மேலும் ஐஸ் ஒட்டிப் பருக்குமாம். காற்றால் தாங்க முடியாத கனம் வந்ததும் விழுமாம்.

"அப்ப வெயில் கம்மியா இருந்திருந்தா?" என்றேன்.

"இவ்வளவு பெருசா விழுந்திருக்காது" என்றவர், புளியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இந்த வருஷம் வேற எடத்துல வாங்கிக்கறேங்க, தப்பா நெனச்சுக்காதீங்க."

வெயில் வேண்டுமென்று ஒரு மாதமாக மாரியம்மனுக்கு விளக்கேற்றியவள் நான்தான் என்பதை மாதம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை.