எஸ்தரின் சிலுவையும் என் நாற்காலியும்

பங்குனி, திங்கட்கிழமை. ராஜபாளையம், தென்காசிச் சாலை, காளிராசனின் வெல்டிங் பட்டறை. காலை பதினொரு மணி. சதுர இரும்புக் குழாயில் ஆறடிச் சிலுவை. குறுக்குச் சட்டத்தின் இடது மூட்டு பற்றவைக்கப்பட்டது. ஒட்டில் துளைகள். சிலிண்டரில் வாயு நிறைய இருந்தது.

செவ்வாய். சிலிண்டர் ரெகுலேட்டரிலிருந்து மெஷின் வரை வாயுக் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவப்பட்டது. ஓர் இணைப்பில் குமிழி, கசிவு. வாஷர் மாற்றப்பட்டது. சோதனைத் துண்டில் துளைகள்.

புதன். வெல்டிங் டார்ச்சின் முனைக்குழலான நாசில் கழற்றப்பட்டு, உள்ளே அப்பியிருந்த உலோகத் துளிகள் சுரண்டப்பட்டன. டார்ச் மெஷினில் சேரும் இடத்து ரப்பர் வளையம் மாற்றப்பட்டது. வாயுவின் அளவு நிமிடத்துக்கு இருபத்தைந்து லிட்டரிலிருந்து பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டது. துளைகள் அதிகம்.

வியாழன். தெருக்காற்று வராதபடி ஷட்டர் முக்கால்வாசி இறக்கப்பட்டது. துளைகள் மேலும் அதிகம்.

இந்தக் குறிப்புகளில் பொய் ஏதும் இல்லை. எழுதியவன் நான். வாயுக்களின் ஓட்டத்தைப் பற்றி ஜெர்மனியில் ஆய்வுப் பட்டம் பெற்று, அதையே முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவன். இப்படிப்பட்டவர் ஒருவர் உடனிருந்தால் ஒரு பழைய மிக் வெல்டிங் மெஷினில் என்ன கோளாறு என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஊருக்கு வந்து இறங்கினால் எனக்கு முதலில் விசித்திரமாகப் படுவது வெயிலோ கூட்டமோ அல்ல, நாற்காலி. எந்தக் கடைக்குப் போனாலும் யாராவது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். அஞ்சல் தலை வாங்கப் போன இடத்திலும் இதே உபசாரம். ஜெர்மனியில் நாற்பது ஆண்டுகளாக எனக்கு வியர்க்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பும் நம்மவர்கள் இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் "அங்கெல்லாம் இப்படி இல்லை" என்று தொடங்குகிறார்கள். அவர்களைப் பார்த்து நான் பலமுறை நகைத்திருக்கிறேன். நகைத்த நாட்களிலும் உட்கார்ந்தபடிதான் இருந்தேன்.

என் மனைவி எஸ்தர் சென்ற ஆண்டு அங்கே இறந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளுடைய தாயின் அருகே அடக்கம் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருந்தாள்; செய்தேன். அன்று நட்ட மரச் சிலுவையைக் கரையான் தின்றுவிட்டது. சனிக்கிழமை மாலை ஆண்டு நினைவு ஜெபம், ஞாயிறு எனக்கு விமானம். அதற்குள் இரும்புச் சிலுவை நிற்க வேண்டும். அவளுக்கு இனி என்னால் செய்யக்கூடிய வேலை இது ஒன்றுதான்.

காளிராசன் நாற்பதைக் கடந்த, அதிகம் பேசாத மனிதர். முதல் நாளே, "ஆர்க்குலயே ஒட்டித் தாரேன் சார், அம்புட்டும் கல்லு மாதிரி நிக்கும்" என்றார். நான் மறுத்தேன். ஆர்க் வெல்டிங்கில் குச்சியின் மேற்பூச்சே உருகி ஒட்டை மூடிக்கொள்ளும், காற்றடித்தாலும் கவலையில்லை. மிக் மெஷினில் கம்பி உருகும்போது அதன்மேல் ஒரு வாயுத் திரை நிற்க வேண்டும். திரை கிழிந்தால் உள்ளே காற்று புகுந்து இரும்பு பால்போலப் பொங்கித் துளை துளையாக உறையும். அந்தத் திரைதான் என் வாழ்நாள் படிப்பு. என் மனைவியின் சிலுவையைக் குச்சியால் ஒட்டுவதாவது! அவரிடமும் ஒரு மிக் மெஷின் இருந்தது. கோயம்புத்தூரில் வாங்கிய பழைய சரக்கு, பொத்தான்களின் கீழே ஜெர்மன் எழுத்துகள். அவற்றைப் படித்துச் சொன்னேன். அவர் தலையசைத்தார். எது எதற்கென்று எல்லாவற்றையும் நிறத்தை வைத்தே முன்பே சரியாகக் கண்டுபிடித்திருந்தார்.

வாயுவை இருபத்தைந்துக்கு அவர் கூட்டி வைத்திருந்ததைப் பார்த்து எனக்கு ஏளனம் பிறந்தது. மிகையான வேகம் சுழலை உண்டாக்கி வெளிக்காற்றை இழுக்கும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டு பன்னிரண்டுக்குக் குறைத்தார். ஷட்டரை இறக்கச் சொன்னேன், இறக்கினார். உள்ளே அடுப்பாக வெந்தது. அவர் மனைவி செல்வி, குழாய் அறுக்கும் வேலையெல்லாம் அவருடையதுதான், மின்விசிறியை இன்னும் இரண்டடி என் அருகே நகர்த்தி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை நான் பட்டறையில் இல்லை. கல்லறை அனுமதிக்காக ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சபை அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பிற்பகல் திரும்பியபோது மூன்று மூட்டுகள் முடிந்திருந்தன. விரலால் தடவினேன். ஒரு துளையும் இல்லை. எங்கள் ஆய்வகத்தில் மாதிரிக்கு வைக்கத் தகுந்த ஒட்டுகள். நான் சொன்ன திருத்தங்கள் தாமதமாகப் பலன் தந்திருக்கின்றன என்று முடிவு செய்து, துடைத்த நாற்காலியில் அமர்ந்தேன். அடுத்த மூட்டு பொங்கியது.

டீ ஊற்றிக்கொண்டிருந்த செல்வி கணவரிடம் தணிந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. "ஏங்க, அவிய வந்து உக்காந்தாத்தான் பொங்குது. காலைல எம்புட்டு அழகா வந்துச்சு. அவியளச் செத்த நேரம் கோயிலுக்குக் கீயிலுக்கு அனுப்பி வையுங்க."

"ஏட்டி, அவிய வேதக்காரவிய" என்றார் காளிராசன்.

"அப்பச் சர்ச்சுக்கு அனுப்புங்க."

ராசி, சகுனம், துக்கக்காரன் காலடி. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான் விட்டுப்போன குப்பை அப்படியே கிடக்கிறது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பெண் நான்கு நாட்களாகச் செய்திருந்தது ஆய்வு. மாறியது எது, மாறாதது எது என்று பார்த்திருந்தார். நான் இருந்தால் துளை, இல்லாவிட்டால் இல்லை. அப்படியானால் என்னோடு பட்டறைக்குள் வருவது எது? ஒரு நாற்காலி. அதற்கெதிரே, சிலுவையைத் தாண்டி என் முகத்தை நோக்கி வீசும் ஒரு மின்விசிறி.

தெருக்காற்றை ஷட்டர் போட்டு மறித்தவன், என் மேல் பட்ட காற்றைக் காற்றாகவே கருதவில்லை. அது மரியாதை, எனக்குச் சேர வேண்டியது. காளிராசன் வாயுவைக் கூட்டி, காரணம் தெரியாமலே அந்த மரியாதையின் விலையை மெஷினிடம் ஈடுகட்டிக்கொண்டிருந்தார். அதையும் படித்தவன் குறைத்துவிட்டேன்.

ஜெர்மனிக்குப் போன முதல் குளிர்காலம் நினைவுக்கு வந்தது. ஆய்வகக் கதவைத் திறந்து நின்றேன். பற்றவைத்துக்கொண்டிருந்த தொழில்நுட்பர் திரும்பாமலே "ட்யூர் ட்சூ" என்று கத்தினார். என்னை வெளியேறச் சொல்வதாக எடுத்துக்கொண்டு ஒன்பது நாட்கள் அந்தப் பக்கம் போகவில்லை. காற்று வருகிறது, கதவைச் சாத்து என்பதுதான் பொருள். எஸ்தர் விசாரித்துவிட்டு வந்து சிரித்தாள். "அந்த மனுசன் கதவைச் சொல்லியிருக்காரு. நீங்க எதையும் உங்களைச் சொன்னதாத்தான் எடுத்துக்கிடுதிய." இப்போது அவள் இருந்திருந்தால், இந்த ஒருமுறை உண்மையிலேயே என்னைத்தான் சொன்னார்கள் என்று அவளிடம் சொல்லியிருப்பேன்.

மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். காளிராசன் காரணத்தை உடனே புரிந்துகொண்டார், நிறுத்தவும் நிறுத்தினார். பொங்கிய மூட்டைத் தேய்த்தெடுத்து மறுபடி ஒட்டினார், சுத்தமாக வந்தது. அடுத்ததற்கு முகமூடியை இறக்கப்போனவர் என் நெற்றியைப் பார்த்தார். எழுந்துபோய் மறுபடியும் சுவிட்சைப் போட்டார்.

"வேண்டாம் என்றேனே."

"துக்கத்துல வந்திருக்கிய சார். ஒங்கள வேக்காட்டுல போட்டு வச்சுக்கிட்டு எனக்குக் கை ஓடாது."

வேறு வழியில்லை. சிலுவை ஒழுங்காக முடிய வேண்டுமென்றால் நான் அங்கே இருக்கக்கூடாது. ஷட்டருக்கடியில் குனிந்து வெளியே வந்து, சாலையைக் கடந்து, எதிர்ப்புறத்து வெயிலில் நின்றேன். உள்ளே நீல ஒளி விட்டுவிட்டு எரிந்தது. எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல் சீரான சத்தம் கேட்டது. நல்ல ஒட்டின் சத்தம். சற்று நேரத்தில் செல்வி ஒரு பேருந்துக்கு வழிவிட்டுச் சாலையைக் கடந்து வந்தார். கையில் அந்த நாற்காலி. துண்டால் துடைத்துப் போட்டார்.

"ஃபேன் வயரு இம்புட்டுத் தூரம் எட்டாது சார்," என்றார். "கோவிச்சுக்கிடாதிய."

சனிக்கிழமை மாலை சிலுவையை நட்டோம். செய்யாமல் விட்டவை:

குறுக்குச் சட்டத்தின் இடது மூட்டு. திங்கட்கிழமை போட்டது. அறுத்து மறுபடி ஒட்ட நேரமில்லை. மேலே வண்ணம் பூசியாயிற்று.

சிலுவையின் பெயர்த் தகட்டில், பெயருக்குக் கீழே ஊர். ஸ்ரீவில்லிபுத்தூரா, ஜெர்மனியில் வாழ்ந்த ஊரா, இரண்டில் எது என்று சபை அலுவலகத்தில் கேட்டார்கள்.

அவளுக்கு அடுத்த இடம். உங்களுக்கு ஒதுக்கி வைக்கட்டுமா என்றும் கேட்டார்கள். ஜெர்மனி போய் எழுதுகிறேன் என்றேன். இன்னும் எழுதவில்லை.