ரங்கநாதன் தெருவில் பை காக்கும் ரூஹி

நந்தனத்தில் புதுத் தொழில் தொடங்குவோருக்குக் கைகொடுக்கும் மையத்துக்குப் போனால் காபி கொடுத்து நம் யோசனையைக் கேட்டுக்கொள்வார்களாம். அடுத்த மாதமே அதே தொழிலைப் பெங்களூர்க்காரன் எவனாவது தொடங்கிவிடுவானாம். சொன்னவர் பக்கத்துக் கடிகாரக் கடை பீர் முஹம்மது. அவருக்குச் சொன்னது அவர் மச்சினன். மச்சினனுக்கு யார் சொன்னார்கள் என்று ரூஹி கேட்கவில்லை. கேட்காமலே நம்பினாள்.

அவள் அப்பா அக்பர் பாஷா பெரியமேட்டில் தோல் தரகர். கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் அவர் பேரம் பேசுவார். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியக்கூடாது. அந்த வீட்டில் வளர்ந்தவள் தொழிலை ஊரறியப் பேசுவாளா?

தொழில் என்னவோ ஊருக்கு நடுவில்தான். ரங்கநாதன் தெருவில் ஒரு கடையில் வாங்கியதைச் சுமந்துகொண்டு அடுத்த கடைக்குள் நுழையக் குடும்பங்கள் படும் பாட்டை, அங்கே விற்பனைப் பெண்ணாக நின்ற காலத்தில் ரூஹி பார்த்திருக்கிறாள். இப்போது ஒரு மாடிப்படிக்கு அடியில் மரத் தட்டுகள் அடித்து, அவர்களுடைய பைகளைக் காசுக்குக் காத்துக் கொடுக்கிறாள். கைவீசிக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்கிவிட்டு, ரயிலுக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம். உதவிக்கு இரண்டு பெண்கள். இடம்தான் போதவில்லை. மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்தில் ஜவுளிக்கடை சுயம்புலிங்கத்தின் அறை ஒன்று சும்மா கிடந்தது. அது கிடைத்தால் இன்னும் சில பெண்களை வேலைக்கு வைக்கலாம். போய்க் கேட்டாள்.

“பை தொலைஞ்சா எங்க கடைப் பேருல்லா கெட்டுப்போவும்? ஒனக்கு யாரும்மா ஜாமீன்?” என்றார் அவர்.

ஜாமீனுக்காகத்தான், பயத்தோடு பயமாக, மையத்தில் சேர்ந்தாள். அதை நடத்துவது ஓர் அறக்கட்டளை. கட்டணம் கிடையாது, தொழிலில் பங்கும் கேட்பதில்லை. புதுத் தொழில் ஒன்று நிலைத்தால் அந்த வட்டாரத்தில் நாலு வீட்டில் சம்பளம் வரும் என்பதே அவர்கள் ஆதாயம். வக்கீலைக் காட்டுவார்கள், காப்பீடு எடுத்துத் தருவார்கள், பெரிய கடைக்காரர்களிடம் பரிந்து பேசுவார்கள். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரம் எங்கே சறுக்கியது என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தன் முறை வரும்போதெல்லாம் ரூஹி, “நல்லா போய்க்கினு கீது” என்று முடித்துவிடுவாள்.

ஒருநாள் மையத்தின் தலைவி சாருலதா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“நீங்க எப்படி வேலை பண்றேள்னு எனக்கே தெரியலையே ரூஹி. தெரியாததுக்கு நான் எப்படி ஜாமீன் நிக்கறது?”

அடுத்த முகூர்த்த ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. கடைப்பையின் நிறத்தைப் பார்த்து அடுக்குவதுதான் ரூஹியின் வழக்கம். அன்று பாதித் தெருவும் ஒரே கடையில் வாங்கியிருந்தது. ஒரு மணப்பெண்ணின் கூறைப்புடவை, தாம்பரத்துக்காரர்களின் போர்வையோடு மாறிப்போய்விட்டது. ரயில் கிளம்புவதற்குள் ஓடிப்போய் மீட்டு வந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அத்தனையையும் சொல்லிவிட்டாள். தட்டுகள், நிறங்கள், ஓட்டம் எதையும் விடவில்லை.

முதலில் வாய் திறந்தவன் அச்யுத். வட்டத்தில் எந்நேரமும் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருக்கும் அவனைத்தான் அவள் அதிகம் சந்தேகப்பட்டிருந்தாள். வீடுவீடாக ரத்த மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்புவது அவன் தொழில்.

“அக்கா, நாங்க ரத்தத்தையே மாத்தாம கொண்டு போறோம். ஒரே நம்பர்ல ரெண்டு ஸ்டிக்கர். ஒண்ணு குப்பில, ஒண்ணு ஆள் கையில.”

“அப்போ புடவை எடுக்க வந்தவங்களுக்கும் ஊசி போட்டுடுவியா?” என்றான் வட்டத்தில் இருந்த ஹஸன். ரூஹியே முதலில் சிரித்தாள்.

மறுவாரம் ஒரு ஸ்டிக்கர் பையில், இன்னொன்று வாடிக்கையாளரின் போன் முதுகில். சாருலதா ஒரு ஞாயிறு முழுக்க நெரிசலில் நின்று பார்த்தாள். திங்களன்று, தானே ஜாமீன் என்று சுயம்புலிங்கத்திடம் பேசினாள். சனிக்கிழமை சாயங்காலம் முடிவு சொல்வதாக அவர் சொன்னார்.

“இன்னாம்மா, பெங்களூர்க்காரன் வந்துட்டானா?” என்று பீர் முஹம்மது வம்புக்கு இழுத்தார்.

“வரட்டும் பாய். மொதல்ல ஒரு ஞாயித்துக்கெழம இந்தத் தெருவுல நிக்கட்டும்.”

சனிக்கிழமை விளக்கேற்றும் நேரம், தட்டின் மேலிருந்த ரூஹியின் போன் அடித்தது. திரையில் சுயம்புலிங்கம். அவள் இரு கையிலும் பைகள். எதிரே செங்கல்பட்டு ரயிலைப் பிடிக்க வேண்டிய அம்மாள், ஸ்டிக்கர் தெரியத் தன் போனைத் திருப்பி நீட்டிக்கொண்டிருந்தாள்.

“எடும்மா, அவராத்தான் இருக்கும்” என்றார் பீர் முஹம்மது.

ரூஹி, அப்புறம் என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தாள். பையின் எண்ணைப் படித்தாள், போனின் எண்ணைப் படித்தாள், மறுபடி பையைப் பார்த்தாள். தட்டின் மேல் அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது.