பெரட்டில் சொன்ன சம்பளம்

பினாயில் வாசனை வந்தால் எனக்குப் பசிக்கும். நீங்கள் சிரிக்கலாம். என் மருமகள் சிரிப்பதில்லை, நேராக டாக்டரிடம் சொல்லிவிடுவாள். போன கிழமை ரத்தத்தில் சீனி பார்க்க அவள்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வெறும் வயிற்றில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் பினாயில் ஊற்றி நடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் மாட்டியிருந்த டிவியில் அரசாங்க ஊழியருக்கும் உள்ளூர்ச் சபை ஊழியருக்கும் சம்பளம் கூட்டுவதைப் பற்றி ஆலோசனை நடப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பெண் கையை நிறுத்தி அண்ணாந்து பார்த்தாள். நானும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். பசியா, பயமா என்று எனக்கே தெரியவில்லை.

இளவட்டமாக இருந்தபோது மலைநாட்டு டவுன் ஒன்றில் நகரசபைக்குத் தெருக் கூட்டினேன். விடியுமுன்னே ஆரம்பித்தால் பனி விலகும்போது கடைவீதி முடிந்திருக்கும். பிறகு சபை ஸ்டோரில் சாப்பாடு. ஸ்டோர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தகரக் கொட்டகை, ஈர்க்குமாறுக் கட்டுகள், குப்பை வண்டிகள், மூலையில் ஒரு பீப்பாய் பினாயில். அந்தப் பீப்பாயில் சாய்ந்துகொண்டுதான் நாங்கள் ரொட்டி தின்றோம். ரொட்டி எங்கே முடிகிறது, பினாயில் எங்கே தொடங்குகிறது என்று என் மூக்குக்கு இன்றைக்கும் தெரியாது.

ரொட்டி சவரிமுத்து அண்ணனுடையது. நான் தெருவின் ஒரு ஓரம் கூட்டினால் அவர் மறு ஓரம். றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து ரயில் பாதையோரமாகவே நடந்து வருவார். அவர் மனைவி மரியாயி மதினி அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். மதினியின் பேர் தோட்டத்தில் பதிந்திருந்ததால்தான் அவர்களுக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் லயத்தில் ஒரு காம்பரா. பேரை வெட்டினால் அந்த ஒற்றை அறையும் போய்விடும். தனிக்கட்டையான எனக்கும் சேர்த்து மதினி தினமும் ரொட்டி சுட்டு அனுப்புவார். தொட்டுக்கொள்ள வைக்கும் கட்டச்சம்பலில் உறைப்பு அதிகம். குறை சொல்லிக்கொண்டே நான் இரண்டு தின்பேன்.

நாங்கள் நாட்கூலிகள். காய்ச்சல் என்று படுத்தால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. அப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடத்தில் ஓவசியர் ஐயா தொண்டையைச் செருமினார். சிங்களவர், எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். நல்ல மனிதர், அதுதான் வினையாகிப் போனது.

"ஒங்களுக்கு நல்ல காலம். சபை ஆளுகளுக்கும் அரசாங்கச் சம்பளம் குடுக்க யோசிக்கிறாங்க. மாசச் சம்பளம், நெரந்தரம். சபை லயத்துல காம்பராவும் இருக்கு. ஆனா தோட்டத்துல வீடு வச்சிருக்கிறவனுக்குக் கெடையாது."

இதில் 'யோசிக்கிறாங்க' என்ற சொல் எங்கள் யார் காதிலும் விழவில்லை. தோட்டத்தில் பிறந்தவனுக்கு அது விழாது. தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வாயைத் திறந்து ஒன்று சொன்னால் அது நடந்துவிட்ட காரியம். நாளைக்குக் கொழுந்து பறிக்கிற மலை மாற்றம் என்றால் மாற்றம். பேர் இல்லை என்றால் இல்லை. பெரட்டில் நின்று ஒருவர் சும்மா ஆலோசனை சொல்லுவார் என்று எங்களுக்குக் கனவிலும் தோன்றியதில்லை. சபையில் ஆள் எண்ணுவதையும் நாங்கள் பெரட்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்தக் கிழமையே மதினி தோட்டத்து ஆபீசுக்குப் போய்ப் பேரை வெட்டிக்கொண்டார். புறப்படும் முன் காம்பராவைச் சாணி போட்டு மெழுகி, தன் கையால் கட்டிய மண் அடுப்பை அலவாங்குக் கம்பியால் இடித்தாராம். நான் சாமான் தூக்கப் போயிருந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "என் அடுப்புல இன்னொருத்தி ஒல வைக்கக் கூடாது தம்பி. டவுன்ல புது அடுப்பு கட்டிக்கிடலாம்."

சபை லயம் திறக்கும்வரை ஸ்டோரில் தங்கிக்கொள்ள ஓவசியர் கண்ணை மூடிக்கொண்டார். ஈர்க்குமாறுக் கட்டுக்கும் பீப்பாய்க்கும் நடுவில் ஒரு பாய், மாதா படம், மூன்று செங்கல். மதினி அதிலும் எனக்கு ரொட்டி சுட்டார்.

மழைக்காலம் வந்தது, லயம் திறக்கவில்லை. பிறகு கொழும்பிலிருந்து முடிவு வந்தது. ஓவசியர் இந்த முறை யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"பிரஜாவுரிமை உள்ளவங்களுக்கு மட்டுந்தான்."

எங்களுக்கு அது இல்லை. சுதந்திரம் வந்த கையோடு, இந்திய வம்சாவளி என்று சொல்லிப் பறித்துவிட்டிருந்தார்கள். சவரி அண்ணன் ஈர்க்குமாறைக் கீழே வைத்துவிட்டு முன்னே போனார்.

"நான் இங்கதாங்கய்யா பொறந்தேன். எங்கப்பா இந்த ரோட்டுக்குக் கல்லு ஒடச்சவரு."

"தெரியும் சவரி. நான் என்ன செய்ய?" என்றார் ஓவசியர். அவர் என்னதான் செய்வார்.

சம்பளம் கிடைத்தவர்களும் எங்களோடு குப்பை அள்ளியவர்கள்தான். முதல் மாதச் சம்பளத்தன்று அவர்களில் ஒருவன் ஒரு பெட்டி பிஸ்கட்டை ஸ்டோர் வாசலில் வைத்துவிட்டுப் போனான். பிள்ளைகள் தின்றன. மதினி தொடவில்லை.

மதினி தோட்டத்துக்குத் திரும்ப நடந்தார். காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது, வெட்டிய பேர் வெட்டியதுதான் என்று கண்டாக்கு சொல்லிவிட்டார். சின்னவளுக்கு இருமல் பிடித்தது. ஈரத் தகரமும் பினாயில் நெடியும் அதை விடவில்லை. இருமி இருமி அந்தப் பிள்ளை நீலம் பாரித்துப் போகும். மதினி அதை மடியில் போட்டுக்கொண்டு பீப்பாயையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணனோ கூட்டிக்கொண்டே இருந்தவர் திடீரென்று தெருவைக் கடந்து என்னிடம் வருவார்.

"தம்பி, அவரு பெரட்டுலதானே சொன்னாரு? நீயும் கேட்டதானே?"

"கேட்டேண்ணே."

திரும்பிப்போய்க் கூட்டுவார். மறுநாளும் அதே கேள்வி. அவர் ஈர்க்குமாறு தெருவின் நடுக்கோட்டைத் தாண்டும் சத்தம் கேட்டாலே எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருக்கும். அவ்வளவு கையாலாகாமல் நான் வேறு எப்போதும் இருந்ததில்லை.

கடைசியில் இந்தியாவுக்கே போய்விடுகிறோம் என்று எழுதிக்கொடுத்தார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு முகமும் தெரியாது. மூட்டை ஏற்ற நானும் ரயிலில் றொசல்ல வரை போனேன். வண்டி ஸ்டேஷனை நெருங்கியபோது மதினி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எனக்குக் கண்ணு மறைக்குது. மேல நம்ம லயத்துல கடைசிக் காம்பரா கூரையில பொகை வருதான்னு பாரு."

வந்தது. பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாயில் வரவில்லை.

"வருது மதினி."

"அடுப்பு கட்டிட்டாங்க," என்று சொல்லி, சின்னவளின் தலையில் முந்தானையைப் போர்த்தினார். நான் இறங்கிக்கொண்டேன். அவர்களிடமிருந்து பிறகு ஒரு சேதியும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் மறுபடி துடைக்கத் தொடங்கியிருந்தாள். "சம்பளம் கூடுச்சுன்னா வீட்ட இடிச்சுக் கட்டணுங்க தாத்தா," என்றாள் தானாகவே. "சம்பளம் கைக்கு வரட்டும் ஆத்தா, அதுக்கப்பறம் இடி," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சபை ஸ்டோர் இருந்த இடத்தில் இப்போது போன் கடைகள். பினாயிலிலும் ஏதோ பூ வாசனை கலக்கிறார்கள். மருமகளோடு ரயிலில் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் றொசல்ல வந்ததும் ஜன்னலோரம் நகர்ந்து மேலே பார்ப்பேன். லயம் இருந்த இடத்தில் டர்பன்டைன் மரங்கள் நெருக்கி வளர்ந்திருக்கின்றன. புகை எதுவும் இல்லை.