சிவப்பு ஓடிப்போன கிண்ணம்

செம்பு பழசானால் பச்சையாகிறது. ஆனால் பழைய சீனப் பீங்கானில் அதே செம்பு இரத்தச் சிவப்பாக இருக்கிறது. பள்ளி நூலகத்துப் புத்தகம் ஒன்றில் இதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. அதனால்தான் ஒக்டோபர் விடுமுறையில், ஒரு சனிக்கிழமை, அம்மாவை இழுத்துக்கொண்டு லண்டனின் மறுகோடியிலுள்ள வால்தம்ஸ்டோ போனேன். அம்மாவின் சிநேகிதி சுகந்தி அன்ரி அங்கே தன் மட்பாண்டப் பட்டறையில் அந்தச் சிவப்பை மறுபடியும் கொண்டுவரப் பார்க்கிறார்.

நோர்பரியில் காலை 9.10க்கு ரயில். விக்டோரியாவில் மாறினோம். நேர்கோட்டில் இருபது கிலோமீட்டர்தான், ஆனாலும் பட்டறை வாசலுக்குப் போக 10.25 ஆகிவிட்டது. என் மாணவர் பயண அட்டையில் இரண்டு பவுண்டுகூடப் போகவில்லை.

சுட்டு முடிந்த சூளை பூட்டியபடி ஆறிக்கொண்டிருந்தது. முள் 160 பாகை காட்டியது. உள்ளே சிவக்க வேண்டிய மூன்று கிண்ணங்கள், இடம் நிரப்ப ஒரு வெள்ளைக் கோப்பை. ஒரு கிண்ணமாவது சிவந்தால் திங்கட்கிழமைக்குள் அன்ரி சேர நினைக்கும் கண்காட்சிக்குப் படம் அனுப்பலாம். ஏற்கெனவே ஆறு தடவை சுட்டும் சரிவரவில்லையாம்.

“பிட்டு அவிஞ்சிட்டுதோ எண்டு பாக்கிற மாதிரி ஒருக்காத் திறந்து பாக்க ஏலாதோ?” என்றார் அம்மா.

“ஐயோ அக்கா, குளிர்காத்துப் பட்டால் எல்லாம் வெடிச்சிடும்.”

காற்றைக் குறைத்துச் சுட்டால் செம்பு சிவக்கும், காற்று கூடினால் பச்சை என்று விளக்கினார். கிண்ணத்தின் பூச்சில் செம்போடு விறகுச் சாம்பலும் உண்டு என்றதும் அம்மா, “திருநீறு பூசியே சுடுறாய்? அப்ப கட்டாயம் வரும்” என்றார்.

12.40க்கு அன்ரி சூளையைத் திறந்தார். முதலாவது ஈரல் நிறம். இரண்டாவது பச்சை. மூன்றாவதில் நிறமே இல்லை, கண்ணாடி பூசியதுபோல வெறுமை.

நான்தான் வெள்ளைக் கோப்பையைக் கவனித்தேன். மூன்றாவது கிண்ணத்தைப் பார்த்திருந்த பக்கம் மட்டும் ரோஜா நிறம். செம்பு ஆவியாகிப் பக்கத்தில் போய் ஒட்டியிருக்கிறது!

“நல்ல வடிவாயிருக்கு. இதையே படமெடுத்து அனுப்பு,” என்றார் அம்மா.

“இந்த நிறம் நான் செய்தது இல்லை அக்கா. திருப்பிச் செய்து காட்ட ஏலுமெண்டால்தான் என்ரை எண்டு சொல்லுவன்.”

அங்கேயே நின்று, இந்த முறை சிவப்பு வரவில்லை என்று கண்காட்சிக்காரருக்கு எழுதினார். பிறகு நான்கும் சூளையில் நின்ற இடங்களை அளந்து கொப்பியில் படம் கீறினார். அளவுநாடாவின் மறுமுனை என் கையில்.

போக நினைப்பவர்களுக்கு: முன்கூட்டியே கேட்டுவிட்டு, சூளை திறக்கும் நாளில் போங்கள். சாப்பாடு கொண்டுபோங்கள். ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்று கேட்காதீர்கள்; நான் ஏழு தடவை கேட்டேன். அந்தக் கோப்பை கதவுப் பக்கத்துத் தட்டில் இருக்கிறது, திருப்பிப் பாருங்கள். விற்பனைக்கு இல்லை. அம்மா கேட்டுப் பார்த்துவிட்டார்.