தபால்காரர் வரும் வீடு

பெற்றீசியா வீடு தேடிய கதையைத் தரகர் ரிஸ்மியிடம் கேட்டால் இன்றைக்கும் தலையில் கை வைத்துக்கொள்வார். குண்டசாலையில் வீடு வாங்க வருகிறவர்கள் பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, கண்டிக்குப் போக எவ்வளவு நேரம் என்றுதான் விசாரிப்பார்கள். இவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"தபால்காரர் கேட் வரைக்கும் வருவாருங்களா?"

மகாவலி ஆறு தெரியும் நல்ல வீடொன்றை ரிஸ்மி காட்டினார். பஸ் வீதிக்கு இரண்டு நிமிட நடை. அந்த ஒழுங்கைக்கான கடிதங்களை முனைக்கடையில்தான் போடுவார்கள் என்றதும் பெற்றீசியா திரும்பி நடந்துவிட்டாள்.

"இந்தக் காலத்தில யாரு மிஸ் காயிதம் போடுற? எல்லாம் போன்லதானே," என்றார் ரிஸ்மி.

கண்டியில் ஒரே புடவைக்கடையில் இருபது வருடமாக அவளோடு நிற்கிற எனக்குக் காரணம் தெரியும். கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். லயத்துக்கு முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். பத்தொன்பது வயதில் ஆசிரியர் வேலைக்கான நேர்முகத்துக்கு அழைத்த கடிதம் அங்கே பதினொரு நாள் கிடந்தது. கையில் கிடைத்தபோது நேர்முகம் முடிந்து மூன்று நாள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பிறகு கட்டுகஸ்தோட்டையில் கஜலட்சுமி அம்மா வீட்டில் வாடகை அறை. அங்கேயும் அந்த அம்மாவின் பொறுப்பில், 'மே/பா கஜலட்சுமி' என்று எழுதினால்தான் கடிதம் சேரும்.

கடைசியில் ஆறும் தெரியாத, சுவரில் ஈரம் ஏறிய சின்ன வீடொன்றை வாங்கினாள். கேட்டில் இலக்கம் இருந்தது, தபால் பெட்டியும் இருந்தது. வீட்டுக்குக் கட்டும் சோலைவரியைத் தன் பெயருக்கு மாற்றப் பிரதேச சபையில் படிவம் கொடுத்தாள். மூன்று கிழமையில் கடிதம் வரும் என்றார்கள். ஐந்து கிழமை போயிற்று. தினமும் வேலை முடிந்து போய்ப் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை கஜலட்சுமி அம்மா போன் எடுத்தார்.

"பிள்ளை, உமக்கு ஒரு கடிதம் இஞ்ச மேசை லாச்சிக்குள்ள கிடக்குது. நீர் வருவீர் எண்டு வச்சிருந்தனான்."

இருபத்திரண்டு வருடப் பழக்கம். படிவத்தில் முகவரி கேட்ட இடத்தில் கை தானாகவே 'மே/பா கஜலட்சுமி' என்று எழுதியிருக்கிறது. பெற்றீசியாவின் முகம் செத்துப்போனது. இந்த முறை திட்டுவதற்குத் தோட்டத்து ஆபீசும் இல்லை.

கடை முடிந்ததும் இரண்டு பேருமாகப் போய் வாங்கினோம். உறையில் சபையின் முத்திரை.

"உடைச்சுப் பாருங்களேன்," என்றேன்.

"வேணாங்க. வீட்டுக்கே வரட்டும்."

பழைய முகவரியை வெட்டிவிட்டு, பக்கத்தில் தன் பெயரையும் குண்டசாலை இலக்கத்தையும் எழுதினாள். வேறு யார் பெயரும் இல்லை. இரண்டு தரம் வாசித்துப் பார்த்துத் தபால் பெட்டியில் போட்டாள்.

அடுத்த புதன்கிழமை அவள் லீவு. மத்தியானம் எனக்குப் போன் எடுத்தாள். தபால்காரர் கேட்டுக்கு வந்து மணி அடித்தாராம். உறையில் இருந்த பெயரை வாசித்து, நீங்கள்தானா என்று சிங்களத்தில் கேட்டாராம்.

"என்ன சொன்னீங்க?"

"அழுதுட்டேங்க. அவரு பயந்துபோய், ஏதும் மோசமான சேதியா மிஸ்ஸுன்னு கேட்டாரு."

"அப்புறம்?"

"இல்லீங்க, சோலைவரின்னேன்."