பிரதோஷ நாளில் கருவாடு

முப்பதாண்டுகள் கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவன் தேடுபொறியிடம் தோற்பான் என்று யாரேனும் முன்பே சொல்லியிருந்தால், அவருடைய கல்வித் தகுதியை விசாரித்திருப்பேன். ஆனால் தோற்றேன். அதுவும் கருவாட்டு விஷயத்தில்.

தஞ்சாவூருக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியில் கணினி கற்பித்து வந்த என் மகள், ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, நாகப்பட்டினத்தில் என் தம்பி உலர்த்தும் கருவாட்டை இணையத்தில் விற்கத் தொடங்கினாள். எங்களுடையது கடலோரக் குடும்பம். தம்பி படகோடு நின்றான். நான் பட்டம் பெற்றுத் தஞ்சாவூருக்கு வந்தேன். வந்தபின் என் பூர்வீகத்தை யாரும் கேட்காத வகையில் நடந்துகொண்டேன். மீறிக் கேட்டவர்களுக்குச் சோழர் கடற்படையைப் பற்றி விரிவாகச் சொன்னேன். அவர்கள் மறுமுறை கேட்கவில்லை.

மகளின் விடுப்பு முடிய இரண்டு மாதங்கள் இருந்தன. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்நாட்களில் கருவாட்டுக்குக் கிராக்கி அதிகம்.

"இந்தத் தடைக்காலத்துல வியாபாரம் சூடு பிடிக்கலைன்னா இழுத்து மூடிட்டுக் காலேஜுக்கே போயிடறேம்ப்பா" என்று அவள் சொல்லிவிட்டாள். அது, மாணவர் சேர்க்கைக்காக ஆசிரியர்களைக் கொளுத்தும் வெயிலில் வீடு வீடாக அனுப்பும் கல்லூரி. என் மகள் துண்டறிக்கையோடு பூதலூர்ப் பக்கம் தெருத்தெருவாக அலைந்ததை நான் அறிவேன். அவள் அங்கே திரும்பக் கூடாது என்று விரும்பினேன்.

ஆகவே வலைத்தளத்துக்கான தேடுசொற்களை நானே வகுத்துத் தந்தேன். வாங்க நினைப்பவர் என்ன சொல்லைத் தட்டுகிறாரோ அச்சொல் நம் பக்கத்தில் இருந்தால் நாம் அவர் கண்ணில் படுவோம், கோட்பாடு அவ்வளவே. 'உவர்நீர் உலர்மீன்', 'பதப்படுத்திய கடல்சார் புரத உணவு', 'சோழமண்டலக் கரையின் மரபு மீன்வகைகள்' என்று எழுதினேன். கருவாடு என்ற சொல் தளத்தில் எங்கும் தென்படாதவாறு பார்த்துக்கொண்டேன். ஓர் உத்தியோகஸ்தர் குடும்பத்தின் கடை அல்லவா?

மூன்று வாரம் ஒருவரும் வரவில்லை. மகள் மடிக்கணினியை என் முன் வைத்தாள்.

"உவர்நீர் உலர்மீன்னு இந்த மாசம் தேடினது ஒரே ஒருத்தர்தாம்ப்பா."

"பரவாயில்லையே. அவர்கிட்ட பேசினியா?"

"அது நீங்கதான். நம்ம கடை வருதான்னு பாக்க நீங்களே அடிச்சிருக்கீங்க."

அன்று சரக்கு மூட்டையோடு வந்திருந்த தம்பி திரையை எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, கருவாடு விக்கிறியா, கல்வெட்டு விக்கிறியா?"

அவனை நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் மகள் என் சொற்களையெல்லாம் நீக்கிவிட்டுக் 'கருவாடு' என்று போட்டாள். அதிலும் பயனில்லை. நாட்டில் உள்ள அத்தனை கருவாட்டுக் கடைகளும் எங்களுக்கு முன்னால் நின்றன. எங்கள் கடை எங்கோ ஏழாம் பக்கத்தில் கிடந்தது.

"பொருளோட பேரைத் தேடுறவங்க நூறு கடை ஏறி இறங்குவாங்க. தன்னோட தொல்லைக்கு வழி தேடுறவங்கதான் ஒரே இடத்துல வந்து நிப்பாங்க" என்றாள் மகள். "கருவாடு திங்க ஆசைப்படற ஆளுக்கு என்னப்பா தொல்லை?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். தம்பி சும்மா இருக்கவில்லை. "உங்க அப்பாவைக் கேளும்மா. அந்தத் தொல்லையில டாக்டர் பட்டம் வாங்குனவரு."

மகள் பிறப்பதற்கு முன், நாங்கள் பெரிய கோயிலுக்கு அருகே ஒரு மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர் குடும்பம். மீன், இறைச்சி கூடாது என்பது நிபந்தனை. நான் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டேன். தம்பி ஊரிலிருந்து வரும்போதெல்லாம் கருவாட்டை மூன்று உறைகளில் கட்டி, அவற்றைப் பால்மாவு டப்பாவில் அடைத்துக் கொண்டுவருவான். கொண்டுவந்ததைச் சமைப்பது எப்போது?

பிரதோஷத்தன்று. மாதத்துக்கு இருமுறை வீட்டுக்காரர் குடும்பத்தோடு நந்திக்கு அபிஷேகம் பார்க்கப் போய்விடுவார். பொழுது சாய்ந்துதான் திரும்புவார். அவர் தெருமுனை தாண்டியதும் எங்கள் அடுப்பில் குழம்பு ஏறும். நான் பஞ்சாங்கம் வாங்கி எல்லாப் பிரதோஷங்களையும் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தேன். ஒருநாள் அதைப் பார்த்த வீட்டுக்காரர் கண்கலங்கினார். "இந்த வயசுல இவ்வளவு பக்தியா சார்!" என்றார். அன்று முதல் தெருவில் நான் பிரதோஷ விரதக்காரன். கோயில் விழாவொன்றில் என்னைத் தலைமையேற்கவும் அழைத்தார்கள். தலைமையேற்றேன்.

இதைச் சொல்லி முடித்தபோது, உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "மழை வந்த கதையையும் சொல்லுங்க."

மழை பிடித்துக்கொண்டதால் வீட்டுக்காரர் ஒருமுறை பாதியிலேயே திரும்பிவிட்டார். மனைவி ஒரு பிடி சாம்பிராணியைத் தணலில் போட்டாள். படியேறி வந்தவர் அந்தப் புகைக்குள் நின்று கைகூப்பினார்.

மகள் சிரித்து முடிக்க நேரமாயிற்று. பின்பு மளமளவென்று தட்டிப் பார்த்தாள். 'வீட்டு ஓனருக்குத் தெரியாமல் கருவாடு சமைப்பது எப்படி', 'அபார்ட்மென்டில் கருவாடு வாடை போக', 'வாடை வராமல் கருவாடு பார்சல்'. விதவிதமாகக் கேட்டிருந்தார்கள். பொறுப்பாகப் பதில் சொன்னவர் எவரும் இல்லை.

"நீங்க பதில் எழுதுங்கப்பா, நம்ம தளத்துல போடலாம். பிரதோஷத்தையும் சேர்த்து."

"அது முடியாது. அந்தத் தெருவில் எனக்கு இன்னும் மரியாதை இருக்கு."

"அது இல்லாம எழுதினா ஏதோ மிஷின் எழுதின மாதிரி இருக்கும். படிக்கிறவங்க நம்ப மாட்டாங்க." சற்று நிறுத்தி, "உங்க இஷ்டம்" என்றாள். கல்லூரிக்கு மாட்டிச் செல்லும் கைப்பை சுவரில் தொங்கியது. அதைத் துடைத்து வைத்திருந்தாள்.

அன்றிரவே எழுதிக் கொடுத்தேன். அரிசி களைந்த நீரில் கருவாட்டை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, எந்தச் சன்னலைச் சாத்துவது, நெத்திலியின் அடக்கம், ஊரையே கூட்டிவிடும் திருக்கையின் குணக்கேடு, பஞ்சாங்கம், சாம்பிராணி, ஒன்றையும் விடவில்லை. 'ஆதலின்' என்று நான் எழுதிய இடங்களை மகள் அடித்தாள். 'ஓனர்' என்ற சொல்லுக்கு நான் காட்டிய எதிர்ப்பு எடுபடவில்லை.

பத்து நாட்களில் அந்தப் பக்கம் தேடலில் மேலே ஏறியது. பெங்களூர், கோயம்புத்தூர், துபாய் என்று எங்கெங்கோ இருந்து கருவாடு கேட்டார்கள். எல்லோருக்கும் மேலேயோ கீழேயோ ஒரு வீட்டுக்காரர் இருந்தார்.

மாதக் கடைசியில், என்னோடு காலையில் நடக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திடலின் மூன்றாம் சுற்றில் நின்றார். அவர் அந்தப் பழைய தெருக்காரர்.

"சார், அந்தப் பிரதோஷ ஆள் நீங்கதானே?"

மறுக்க வழிகள் இருந்தன. வரலாறு படித்தவனுக்கு அவை தெரியும். ஆனால் மறுத்தால் கடையே பொய்யாகிவிடும்.

"நானேதான்" என்றேன். "உங்களுக்கு நெத்திலியா, வாளையா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "வாளை. பார்சல்ல கடை பேரு மட்டும் போடச் சொல்லாதீங்க."

விடுப்பு முடியுமுன் மகள் கல்லூரிக்கு ராஜினாமாக் கடிதம் எழுதி, திருத்தித் தரும்படி என்னிடம் கொடுத்தாள். இருமுறை படித்தும் பிழை ஒன்றும் அகப்படவில்லை. அது எனக்குச் சற்றே ஏமாற்றம்தான். 'மிகுந்த வருத்தத்துடன்' என்று தொடங்கியிருந்ததை மட்டும் அடித்துவிட்டுத் திருப்பித் தந்தேன்.