டிராயிங் மாஸ்டர் எழுதிய சயின்ஸ் பரீட்சை

கங்காதரனைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அப்புறம்தான் சிரிப்பு. ஆம்பூரில் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் அவர் டிராயிங் மாஸ்டர், நான் சயின்ஸ் வாத்தியார். பதினேழு வருஷம் ஒரே அறையில் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். அத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாளாவது முதல் மணிக்கு நேராக வகுப்புக்குள் நுழைந்ததாக எனக்கு நினைவில்லை. வழியில் ஏதாவது ஒன்று அவரைப் பிடித்து நிறுத்திவிடும். பாலாற்று மணல்மேல் படுத்திருக்கும் பனி, தோல் மண்டி வாசலில் காயப்போட்ட ஆட்டுத்தோலின் மஞ்சள், ஒரு வண்டிமாட்டின் காது. நின்றார் என்றால் நின்றதுதான். "இன்னா மாஸ்டர், மணி அடிச்சிப் பத்து நிமிஷம் ஆச்சே" என்று தோளைத் தொட்டால், தூக்கத்தில் எழுப்பிவிட்ட குழந்தை மாதிரி விழிப்பார்.

குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம் அவருடையது. எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறிப்போய், படம் வரைவதற்கான சர்டிபிகேட் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யுத்த காலத்தில் வேலைக்கு வந்தவர். அப்போது அதுவே போதுமானதாக இருந்தது.

எங்கள் பள்ளியில் ஏ பிரிவு தமிழில் படிக்கும், பி பிரிவு உருதுவில் படிக்கும். ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து வந்த சில பையன்கள் வீட்டில் தெலுங்கு பேசிவிட்டு ஏ பிரிவில் உட்கார்ந்திருப்பார்கள். மண்டி முதலாளியின் மகனும் அதே மண்டியில் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவரின் மகனும் ஒரே பெஞ்சு. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காக மத்தியானம் நீளமாக விடுவோம். அந்த இடைவேளையில் இரண்டு பிரிவும் சேர்ந்து மைதானத்தில் அமளி செய்யும். ஆனால் பாடம் என்று வந்துவிட்டால் இரண்டு உலகம்தான். ஒரே பாடத்தை நான் காலையில் தமிழிலும் மாலையில் உருதுவிலும் சொல்லித் தொண்டை கட்டிப்போவேன்.

என்னைத் தவிர இரண்டு பிரிவுக்கும் பொதுவாக இருந்த ஒரே வாத்தியார் கங்காதரன்தான். அவர் பாடத்துக்குப் பாஷை வேண்டாமே. முந்தின நாள் சாயங்காலமே வந்து, மறுநாள் நான் நடத்தப்போகும் பாடத்தின் படத்தைக் கலர் சாக்கட்டியால் இரண்டு போர்டிலும் போட்டுவிட்டுப் போவார். இதயம், நீரேற்றும் பம்பு, செம்பருத்தியின் குறுக்குவெட்டு. யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. பையன்கள் காலையில் வந்து முதலில் படத்தைப் பார்ப்பார்கள். அதன் பிறகு நான் சொல்வது தானாக அவர்கள் மண்டையில் ஏறும்.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தார். பரீட்சைக்கு என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்தார். மின்சார மணி என்றால் ஏழு கோடு, இரண்டு சுருள், ஒரு கிண்ணம். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, "மூணு நிமிஷம். அதுக்குள்ள போட்டு, பேரு எழுதி முடிக்கணும். அழகு வேணாம். அழகுக்கு மார்க் கிடையாது" என்று பையன்களைப் பழக்கினார். பி பிரிவு ஹபீப், போர்டைப் பார்க்காமலே இரண்டரை நிமிஷத்தில் போடுவான். எங்கள் பள்ளியின் சயின்ஸ் மார்க் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனது இப்படித்தான். ஊர் என்னைப் பாராட்டியது. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

1954 கடைசியில் ஒரு சர்க்குலர் வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேறாத ஆசிரியர்கள் இரண்டு வருஷத்துக்குள் தேறியாக வேண்டும். இல்லாவிட்டால் வேலை நிரந்தரம் ஆகாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஹெட்மாஸ்டர் ஜம்புலிங்கம் நல்ல மனுஷர். கங்காதரனைத் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார். அப்போது கங்காதரனுக்கு வயது முப்பத்தெட்டு, இரண்டு பெண் குழந்தைகள்.

முதல் தடவை இங்கிலீஷ் காலை வாரிவிட்டது. மறு வருஷம் மார்ச்சில் மறுபடியும் பணம் கட்டினார். பையன்கள் கண்ணில் படக்கூடாது என்று வாணியம்பாடி சென்டரைக் கேட்டு வாங்கி, மாமனார் வீட்டில் விசேஷம் என்று லீவு போட்டுவிட்டுப் போனார். பாவம், அந்த சென்டருக்கு மேற்பார்வைக்கு என்னைப் போட்டிருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

சயின்ஸ் பரீட்சையன்று கேள்வித்தாள் கட்டோடு ஹாலுக்குள் போகிறேன். மீசை அரும்பாத பையன்களுக்கு நடுவில், மூன்றாவது வரிசையில், கோட்டு போட்டுக்கொண்டு கங்காதரன். என்னைப் பார்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் யாரோ எவரோ என்பதுபோல் தாளை வைத்துவிட்டு நகர்ந்தேன். கேள்வித்தாளைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் குஷி. மூன்றாவது கேள்வி, மின்சார மணி. படத்துக்கு ஐந்து மார்க். மனுஷர் தப்பித்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். அவர் இன்னும் மணியைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நான் அப்படி ஒரு மணியை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கிண்ணத்தின் வளைவில் வெளிச்சம் விழுந்திருந்தது. கம்பிச் சுருளில் ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாகத் தெரிந்தது. சுத்தியல், அடித்துவிட்டு அப்போதுதான் திரும்புகிறது. காது கொடுத்தால் சத்தம் கேட்கும். அவர் பென்சிலைப் படுக்கவைத்து நிழல் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு அமைதி. ஹால், நான், ஐம்பது பையன்கள், சர்க்குலர் எதுவுமே அவருக்கு இல்லை.

மேற்பார்வை பார்க்கிறவன் வாயைத் திறக்கக்கூடாது. நேரத்தை மட்டும் அறிவிக்கலாம். "இன்னும் ஒரு மணி நேரம்" என்றேன். பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், அவர் பார்க்கவில்லை. "இன்னும் அரை மணி நேரம்" என்று கத்தினேன். அடுத்த ஹால் வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கங்காதரன் மணியின் அடிப்பலகையில் மரத்தின் ரேகை போட்டுக்கொண்டிருந்தார். தாளைப் பிடுங்கி எறியலாமா என்று கை துடித்தது. மணி அடித்தபோதுதான் மேலே பார்த்தார். ஒன்பது கேள்வியில் மூன்றுக்குத்தான் பதில் எழுதியிருந்தார்.

ரயில் நிலையத்தில் பிடித்துக்கொண்டேன். "உமக்கு இன்னாய்யா பைத்தியமா? பசங்களுக்கு மூணு நிமிஷத்துல போடச் சொல்லிக் குடுத்தவன் நீர்தானே?"

"அது பசங்க பாஸ் பண்றதுக்கு சார்" என்றார். "நான் போடும்போது அது மணியா இருக்கணும் இல்ல?"

ரயில் வந்தது, ஏறினோம். ஆம்பூர் வரும்வரை ஜன்னல் வழியாக ஏலகிரி மலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ரிசல்ட் வந்தது. பள்ளிக்கு அதுவரை இல்லாத வெற்றி. அறுபது பேரில் ஐம்பத்துமூன்று பேர் தேறியிருந்தார்கள். ஹபீபுக்கு சயின்ஸில் எண்பத்தொன்பது. ஏ பிரிவு ராஜவேலுவுக்கு எண்பத்தாறு. இருவரும் மின்சார மணியை முதல் கேள்வியாக எழுதியிருந்தார்களாம். கங்காதரன் மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறி, சயின்ஸில் மட்டும் இருபத்தொன்பது வாங்கியிருந்தார். முப்பத்தைந்து வேண்டும்.

பாராட்டு விழாவில் ரோஜா மாலையை என் கழுத்தில் போட்டார்கள். நல்வரவு வளைவு கங்காதரன் வரைந்தது. அவர் கடைசி வரிசையில் நின்று கைதட்டினார், மனதாரத் தட்டினார். அந்த மாலை என் கழுத்தை அறுத்தது. கழற்றி அவருக்குப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. என் கோழைத்தனம் அது, இன்றுவரை உறுத்துகிறது.

இனி செப்டம்பர் பரீட்சை ஒன்றுதான் பாக்கி. அதோடு இரண்டு வருஷக் கெடு முடிகிறது. தினமும் பள்ளி விட்டதும் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பங்கஜம் டீயை வைத்துவிட்டு, "கலீம் அண்ணே, இவருக்குப் பாடம் தெரியாமலா இருக்குது? படம்தான் இவரைக் குடிக்குது" என்றாள். அந்த அம்மாள் சொன்னது முழுக்க நிஜம். பம்பு எப்படித் தண்ணீர் ஏற்றுகிறது என்று கேட்டால் மடமடவென்று சொல்வார். வரை என்றால் போச்சு, காணாமல் போய்விடுவார்.

இந்தத் தடவை எனக்கு மேற்பார்வை இல்லை. லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். வாணியம்பாடி பள்ளி வாசலில் கங்காதரன் நின்றார். கோட்டுப் பையிலிருந்து மூன்று பென்சில்களை எடுத்தார். மூன்றையும் ஊசி மாதிரி சீவி வைத்திருந்தார். என் கையில் வைத்து என் விரல்களை மூடினார்.

"இத்த வெச்சுக்குங்க சார். நான் திரும்பி வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

"படக் கேள்வி வந்தா?"

"பேனா இருக்குது" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

வாசலில் புளிய மரத்தடியில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தோல் வாடையும் புளியம்பூவும் கலந்து ஒரு மயக்கமான காற்று. கண்ணை மூடினால் அவர் தாள்மேல் குனிந்திருப்பது தெரிந்தது. பென்சிலைப் பிடித்துப் பிடித்து என் உள்ளங்கை வேர்த்துப்போனது. யா அல்லா, இன்று ஒரு நாள் இந்த மனுஷனை எங்களைப்போல் சாதாரண ஆளாக ஆக்கிவிடு என்று வேண்டிக்கொண்டேன்.

எல்லோருக்கும் கடைசியாக வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எத்தனை கேள்வி?"

"எல்லாத்தையும் எழுதிட்டேன்."

"படம்?"

"கண்ணு கேட்டிருந்தான் சார். மனுஷக் கண்ணு." ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்தார். "ஒரு வட்டம். அதுக்குள்ள இன்னொரு வட்டம். பேனாவால. லென்ஸ், விழித்திரை, நரம்புன்னு அம்புக்குறி போட்டேன். ரெண்டு நிமிஷம்தான். உயிர் இல்லாத கண்ணு சார். செத்துப்போனவன் கண்ணுகூட அதைவிட நல்லா இருக்கும்."

நான் சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் சும்மா நின்றார். ரயிலில் மூன்று பென்சில்களையும் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு வாரம் வரை பள்ளியில் எந்தப் போர்டிலும் படம் விழவில்லை.

நவம்பரில் பேப்பரில் நம்பர் வந்தது. பேப்பரை மடித்தும் மடிக்காமலும் சைக்கிளில் பறந்தேன். கங்காதரன் பி பிரிவு போர்டின் முன்னால் சாக்கட்டியோடு நின்றிருந்தார். "மாஸ்டர், தேறிட்டீர்! வேலை நிரந்தரம்!" என்று வாசலிலிருந்தே கத்தினேன். பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு வருஷமாகக் கட்டிக்காத்த ரகசியத்தை ஒரே நொடியில் நான் போட்டு உடைத்தது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"சார், திருத்தி முடிச்ச பேப்பரை இன்னா பண்ணுவாங்க? எங்கயாவது வெச்சிருப்பாங்களா, அந்தக் கண்ணை?"

எனக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணைப் பார்த்தேன். "எரிச்சிடுவாங்க" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமா. ஒண்ணுகூட மிஞ்சாது."

நீளமாக ஒரு மூச்சு விட்டார். தோள் இரண்டும் இறங்கின. அதற்கப்புறம்தான் சிரித்தார். "அப்ப சரி சார். பங்கஜத்துகிட்ட சொல்லிட்டு வர்றேன்" என்று சாக்கட்டித் தூளைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே கிளம்பினார்.